வளையல்காரி சணல் ஆலைக்குப் போன வருஷம்

கல்கத்தாவில், கிடர்பூரில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு வாரம் ஒரு தடவை வளையல்காரி ஒருத்தி வருவாள். ஆண்கள் ஆபீசுக்கும் கப்பல் துறைக்கும் போய், பெண்கள் சமையலை முடித்து முற்றத்தில் உட்காரும் நேரம் பார்த்து வருவாள். தலையில் தட்டையான பிரம்புக் கூடை, அதன்மேல் சிவப்புத் துணி. கார்டன் ரீச் பக்கத்து முஸ்லிம் பெண். புருஷன் ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனவன். இரண்டு பெண் குழந்தைகள். எல்லாரும் அவளை அந்த ஊர்ப் பேச்சில் சூடிவாலி, அதாவது வளையல்காரி என்பார்கள். நான் சாச்சி என்பேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ராவுத்தர் வீட்டில் சித்தியை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை கூப்பிட்டபோது, "மதராஸில் இருந்து வந்த பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?" என்று அவள் சிரித்தாள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமான மறு வருஷம் கல்கத்தாவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சீமைத்துணி இறக்குமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. கப்பலில் இருந்து இறங்கும் துணிப் பொதிகளைச் சரிபார்த்துக் கிடங்குக்கு அனுப்பும் வேலை. வங்காளி வீடு ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. கீழே வீட்டுக்குச் சொந்தக்காரர்கள். அந்த வீட்டு அம்மாளை நான் தீதி என்று கூப்பிட்டேன். அங்கே அக்காவுக்கு அந்தச் சொல். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கணவர் பள்ளிக்கூட வாத்தியார். கொழுந்தன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வங்காள மொழி கற்றுக்கொடுத்தது தீதிதான். நான் தப்பாகப் பேசினால் சிரிக்க மாட்டார், சரியான சொல்லை ஒரு முறை மெதுவாகச் சொல்வார், அவ்வளவுதான்.

வங்காளத்தை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள் என்ற செய்தி அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழைக்காலம். கொழுந்தன் நனைந்துகொண்டே வந்து முற்றத்தில் நின்று பத்திரிகையைப் படித்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தீதியின் பிறந்தகம் கிழக்கே, பெரிய ஆற்றுக்கு அப்பால். "அப்படியென்றால் நான் அம்மா வீட்டுக்குப் போனால் வேறு ஊருக்குப் போகிறவளா?" என்று கேட்டார். 

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் பேச்சு வளர்ந்தது. மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், கூட்டம் போட்டார்கள். வெள்ளைக்காரன் அசையவில்லை. அப்போதுதான், அவனுடைய சாமானை வாங்காமல் விட்டால் அவன் வயிற்றில் அடிக்கலாம் என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். சீமைத்துணி வேண்டாம், சீமைச் சர்க்கரை வேண்டாம், கப்பலில் வரும் வெள்ளை உப்பு வேண்டாம். கடைகள் முன்னால் காலேஜ் பையன்கள் நின்று கும்பிட்டுக் கேட்டார்கள். கேட்காதவர்களிடம் கும்பிடாமலும் கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் அது முதலில் உப்பாகத்தான் வந்தது. தீதி சீமை உப்பை நிறுத்திவிட்டு, தெற்கே கடற்கரையில் விளைந்த கல் உப்பை வாங்கிவந்தார். சாம்பல் நிறத்தில் மண்ணும் கலந்திருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதை எப்படித் தின்பது?" என்று முகம் சுளித்தார். எனக்கோ அதைப் பார்த்ததும் ஊர் வாசனை அடித்த மாதிரி இருந்தது. தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, அந்த நீரைக் குழம்பில் விடும்படி சொன்னேன். அன்று வாத்தியார் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். தீதி மாடிப்படியில் நின்று, "மதராஸிப் பெண்ணே, நீயும் சுதேசியாகிவிட்டாய்" என்று கத்திச் சொன்னார். அந்தக் காலத்தில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அநேகமாக அதோடு சரி.

பிரிவினை அமலுக்கு வந்த அன்று ஊரில் அடுப்பு எரியவில்லை. ஆண்கள் விடியும் முன்பே கங்கைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். பிரிய மாட்டோம் என்பதற்கு அடையாளமாக எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் நூல். எனக்கு அப்போது வயிற்றில் முதல் குழந்தை. பட்டினி கிடக்க வேண்டாம் என்று தீதி அவலும் பாலும் வாழைப்பழமும் மாடிக்கே கொண்டுவந்து வைத்தார். என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். போகாமல் இருந்தால் வேலை போய்விடும். மணிக்கட்டு நூலைச் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். சீமைத்துணியை இறக்குகிற கையில் அந்த நூல் இருப்பது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

மத்தியானம் சந்துப் பெண்கள் எல்லாரும் தீதியின் முற்றத்தில் கூடினார்கள். இனிமேல் சீமைப் பொருளைத் தொடுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றிப் பித்தளைத் தாம்பாளத்தில் போட்டார்கள். அவையும் கடல் தாண்டி வந்த கண்ணாடிதான். அங்கே கல்யாணமான பெண்கள் போடும் சங்கு வளையல் மட்டும் கையில் மிஞ்சியது. தாம்பாளத்தைக் கொழுந்தன் வாங்கிக்கொண்டு போய் வாசற்கல்லில் கொட்டி, செங்கல்லால் அடித்து நொறுக்கினான். சுற்றி நின்ற பையன்கள் கோஷம் போட்டார்கள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. வளையலை உடைக்கிற சத்தத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பெரியப்பா இறந்த பத்தாம் நாள், உள் அறையில் பெரியம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது. என் கைகளைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தீதி மேலே வந்தார். "கோபமா?"

"பயமா இருக்கு தீதி. எங்க ஊர்ல வளையலை உடைக்கிறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எங்களுக்கும் அதேதான். புருஷன் போனால் சங்கை உடைப்பார்கள்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நீ கழற்ற வேண்டாம். உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்."

யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து குழாயடியில் நான் கையை நீட்டினால் பெண்களின் கண் என் கைக்குப் போகும்.

அடுத்த வாரம் வளையல்காரி வந்தாள். கூடையை இறக்கி வைத்து, சிவப்புத் துணியை விலக்கி, வழக்கம்போல ஒரு பச்சை வளையல் கொத்தை எடுத்து வெயிலில் ஆட்டினாள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. அவள் முதலில் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்திருக்கிறாள். "யார் வீட்டில் துக்கம்?" என்று மெதுவாகக் கேட்டாள். தீதிதான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். தேசம், பிரிவினை, கடல் தாண்டி வரும் கண்ணாடி. வளையல்காரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரி அம்மா. உள்ளூர்க் கண்ணாடி கொடுங்கள், அதை விற்கிறேன். எனக்கு எந்தக் கண்ணாடியானால் என்ன?"

"வரும். மேற்கே நம் நாட்டு ஊர்களில் இருந்து வரவழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்."

"எதுவரைக்கும்?"

தீதி கொழுந்தனைப் பார்த்தார். அவன் நல்ல பையன். கெட்டவன் என்று நான் எந்த நாளும் சொல்ல மாட்டேன். "எல்லாரும் கொஞ்சம் கஷ்டப்பட்டால் பெரிய துரை லாட்டு சாகிப் இறங்கி வருவான். ரொம்ப நாள் ஆகாது" என்றான்.

"பொறுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கினாள். தூக்கிவிட நான் கை கொடுத்தேன். கூடை கனமாக இருந்தது.

உள்ளூர் வளையல் வந்தது. ஆனால் தடித்து, கோணலாக, விரலில் ஏற்றும்போதே உடைந்தது. விலையும் அதிகம். அதிலும் கடைக்காரர்கள் எடுத்துக்கொண்டது போகத்தான் தெருவில் விற்பவர்களுக்கு. வளையல்காரியின் வரவு குறைந்தது. வந்தாலும் வெறும் பேச்சுத்தான். பெண்கள் அவளுக்கு ஒரு பிடி அரிசியோ பழைய புடவையோ கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளும்போது அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். வியாபாரம் செய்தபோது எங்கள் எல்லார் கையையும் பிடித்து உரிமையோடு பேசியவள்.

எனக்கு ஏழாம் மாதம் ஆயிற்று. பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. ஆனால் கம்பெனியில் இவருக்கு லீவு கிடைக்கவில்லை. வாங்க ஆளில்லாமல் பொதிகள் கிடங்கில் குவிந்து கிடந்தன. ஊரில் அம்மாவுக்கோ காய்ச்சல், வர முடியாத நிலை. வளையல் போடாமல் ஏழாம் மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அப்பாவிடமிருந்து தகவல் வந்தது.

"ஏளா, சங்கு வளையலையே போட்டுக்கிட்டா என்ன?" என்றார் இவர். "அதுவும் நம்ம கடல்ல எடுத்த சங்குதானே. தூத்துக்குடியில இருந்து கப்பல்ல வந்து இறங்குததை நானே பாத்திருக்கேன்."

"என்ன பேசுதிய? வயித்துப் பிள்ளைக்குக் கண்ணாடிச் சத்தம் கேக்கணும். சங்கு சத்தம் போடுமா?"

 கடைத்தெருவில் போய்ச் சீமை வளையல் வாங்கிவர அவருக்குத் தைரியம் கிடையாது. ஏற்கெனவே, கம்பெனிக்காரன் என்று சந்தில் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் நான் தீதியிடமே போய்க் கேட்டேன். சுற்றி வளைக்காமல், வளையல்காரியை வரச்சொல்லப் போகிறேன் என்றேன். தீதி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் சங்கல்பம் செய்திருக்கிறேன். உன்னை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அவளை வா என்று என் வாயால் சொல்ல மாட்டேன்" என்றார்.

அது போதும் எனக்கு. வளையல்காரிக்குச் சொல்லி அனுப்பினேன்.

வளைகாப்பன்று காலை வெயில் நன்றாக இருந்தது. கிடர்பூரில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் இருந்து நான்கைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மனையில் உட்காரவைத்து முதலில் வேப்பிலைக் காப்புக் கட்டினார்கள். சித்ரான்னங்கள் வாழையிலை மூடித் தயாராக இருந்தன. வளையல்காரியை மட்டும் காணோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சந்து முனையில் சத்தம் கேட்டது. கோஷமா சண்டையா என்று தெரியவில்லை. ஒரு தமிழ்ப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஐயையோ, கூடையைக் கவுத்துட்டாங்க" என்றாள்.

என்ன நடந்தது என்று பிற்பாடு சேர்த்துத் தெரிந்துகொண்டேன். அவள் கூடையைத் துணியால் இறுக்க மூடித்தான் கொண்டுவந்திருக்கிறாள். பையன்கள் சிலர் வழிமறித்துத் துணியை விலக்கச் சொன்னார்கள். அவள் மறுத்தாள். ஒருவன் கூடையைப் பிடித்து இழுத்தான். அது சாக்கடையில் விழுந்தது. பிறகு மிதித்தார்கள். எங்கள் வீட்டுக் கொழுந்தன் அதில் இல்லை, காலேஜுக்குப் போயிருந்தான். ஆனால் மிதித்தவர்கள் அவனோடு சேர்ந்து கூட்டங்களுக்குப் போகிறவர்கள்தான்.

அவள் மாடி ஏறி வந்தாள். கையில் கூடை இல்லை. புடவைக் கரை முழங்கால் வரை சாக்கடையில் நனைந்திருந்தது. வாசற்படியிலேயே நின்று தண்ணீர் கேட்டு, காலையும் கையையும் கழுவினாள். அழவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கொஞ்சம் வளையல்கள்.

"உனக்காக எடுத்ததைத் தனியாக முடிந்து வைத்தேன். கூடையில் போடவில்லை" என்றாள்.

என் கையைப் பிடித்து, விரல்களைச் சேர்த்து அழுத்தி, ஒவ்வொன்றாக ஏற்றினாள்.  ஒரு வளையல்கூட உடையவில்லை. அந்த நேரத்தில்தான் தீதி படியேறி வந்து நின்றதைப் பார்த்தேன். கீழே நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. முகம் வெளிறியிருந்தது. உள்ளே வந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து என் கன்னத்தில் தடவினார். பிறகு வளையல்காரியிடம் திரும்பி, "நான் உன்னிடம் என்ன சொல்வது?" என்றார்.

"ஒன்றும் சொல்ல வேண்டாம் அம்மா. பொறுத்துக்கொள் என்று மட்டும் மறுபடியும் சொல்லாதீர்கள்."

இலையில் வைத்துக்கொடுத்த சாதத்தை வாங்கிக்கொண்டு அவள் போனாள். அதற்குப் பிறகு எங்கள் சந்துக்கு அவள் வரவே இல்லை.

மாசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்த மருத்துவச்சியைக் கூட்டி வந்ததும், குளிப்பாட்டியதும், முதல் மாதம் முழுக்க எனக்குச் சமைத்துப் போட்டதும் தீதிதான். அந்தக் குழந்தை மடியில் தவழும் சமயத்தில் இவருக்கு வேலை போயிற்று. மார்வாரி வியாபாரிகள் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கம்பெனி பாதி குமாஸ்தாக்களை நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டவர்களில் ஒரு வெள்ளைக்காரன்கூட இல்லை.

அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. இவர் தினமும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கினார். மத்தியானம் வீட்டுக்கு வராமல் எங்காவது உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னார். அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. நான் கஞ்சியைக் கெட்டியாக வைத்துச் சோறு என்று பரிமாறினேன். தீதி வாடகையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வாத்தியாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் பேச்சு சீமைத்துணிப் பக்கம் திரும்பியது. கொழுந்தன் உற்சாகமாக இருந்தான். மான்செஸ்டர் நூல் ஆலைக்காரர்கள் அலறுகிறார்கள் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதாம்.

இவர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். "தம்பி, அங்கே ஒரு முதலாளி ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. நான் குறைத்திருக்கிறேன்."

கொழுந்தனின் முகம் சிவந்தது. "அதற்காக நிறுத்திவிடச் சொல்கிறீர்களா அண்ணா? கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா?"

"நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் அந்த வெள்ளைக்காரன் மேல் பாசம் கிடையாது. அடி யார்மேல் விழுகிறது என்று பார்த்து அடிக்கச் சொல்கிறேன். நாம் ஓங்குவது அவனுக்கு. விழுவது இந்த வளையல்காரிக்கு."

தீதி எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் அழுததாகப் பிறகு வாத்தியார் சொன்னார்.

கடைசியில் இவருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. கார்டன் ரீச் பக்கம் ஆபீஸ். ஆற்றோரம் நடந்தே போய்வருவார். அந்த வழியில் சணல் ஆலைகள் இருந்தன. ஒருநாள் திரும்பி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஏளா, வளையல்காரியைப் பாத்தேன்" என்றார்.

ஆலையில் வேலைநிறுத்தம். மின்சார விளக்குப் போட்டு வேலை நேரத்தை நீட்டியிருந்தார்கள். கூலியை மட்டும் நீட்டவில்லை. அரிசி விற்ற விலையில் அந்தக் கூலிக்கு வயிறு நிரம்பாது. ஆண்களும் பெண்களும் வேலையை விட்டு வெளியே வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வளையல் வியாபாரம் போன பிறகு அந்த ஆலையில் கூலிக்குச் சேர்ந்திருந்த அவளும் அந்தப் பெண்களில் ஒருத்தி. "உக்காந்திருக்கான்னா சும்மா இல்ல. முன்னால உக்காந்திருக்கா. மத்தவ எல்லாம் அவ முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்காவ" என்றார்.

நான் இதைத் தீதியிடம் சொன்னேன். மறுநாள் காலை அவர் பெரிய பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் போட்டுக் கிச்சடி வைத்துக்கொண்டிருந்தார். "வருகிறாயா?" என்று மட்டும் கேட்டார். குதிரை வண்டி பிடித்து, பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு, குழந்தையும் நானும் தீதியும் போனோம். அவர் வீட்டுப் பெண்கள் இப்படி வெளியில் போகிற வழக்கமில்லை. வண்டியின் மறைப்பை அவர் இறக்கிவிடவில்லை.

ஆலை வாசலில் ஏராளமான கூட்டம். சணல் தூசி படிந்த முகங்கள். எல்லாரும் இருமிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே கம்பு வைத்துக்கொண்டு காவல்காரர்களும், ஆளைச் சேர்த்துவிடும் சர்தார்களும் நின்றார்கள். வளையல்காரியை நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முகம் ஒட்டிப்போயிருந்தது. தலைமயிரில்கூட நார் ஒட்டியிருந்தது. அவள்தான் என்னைப் பார்த்து, "பெண்ணா?" என்று குழந்தையைக் காட்டிக் கேட்டாள்.

"பொண்ணுதான் சாச்சி."

குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தீதி பாத்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "எல்லாருக்கும் போதாது. இருக்கிற குழந்தைகளுக்காவது கொடுக்கலாம் என்று கொண்டுவந்தேன்" என்றார்.

 வளையல்காரி பக்கத்தில் இருந்த பெண்களிடம் ஏதோ கேட்டாள். அவர்கள் தலையசைத்தார்கள். குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். நானும் தீதியும் பரிமாறினோம். பாத்திரம் காலியான பிறகு தீதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"என்மேல் உனக்குக் கோபம் இருக்கும்."

"இருந்தது. இப்போது நேரமில்லை." குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அம்மா, ஒன்று சொல்கிறேன். அன்றைக்குப் பொறுத்துக்கொள் என்றீர்கள். எதுவரைக்கும் என்று கேட்டேன். உங்களுக்கே தெரியவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. நீங்கள் முடிவு செய்தீர்கள், பட்டினி நான் கிடந்தேன். இங்கேயும் பட்டினிதான். என் பெண்கள் நேற்று ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் இங்கே உட்காரலாம் என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். எழுந்திருப்பதையும் நாங்களே முடிவு செய்வோம்."

தீதி காலிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். 

"நிற்காதீர்கள். நிற்கிறவர்கள் எல்லாரும் ஆலை சாகிபின் ஆட்கள். உட்காருங்கள்" என்றாள் வளையல்காரி.

தீதி உட்கார்ந்தார். ஆலை வாசலின் கரித்தூளிலும் சணல் கழிவிலும், தன் கைத்தறிப் புடவையோடு, அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். உயர்ந்த குடும்பத்துப் பெண் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் கூச்சத்தோடு நகர்ந்து இடம் விட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்க நான் கொஞ்ச நேரத்தில் வண்டியிலேயே திரும்பிவிட்டேன். அவர் சாயங்காலம்தான் நடந்து வந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் கொழுந்தனும் ஒரு மூட்டை அரிசியைத் தலையில் சுமந்துகொண்டு அவர் பின்னால் போனான். வளையல்காரியிடம் அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வேலைநிறுத்தம் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். கூலியில் ஏதோ சேர்த்தார்கள். ஆலை திறந்த அன்று முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலரை உள்ளே விடவில்லை. வளையல்காரிக்கும் கதவு திறக்கவில்லை. அவள் ஆற்றுக்கு அந்தக் கரையில் வேறு ஆலைக்குப் போனாள். தீதி தன் வீட்டிலேயே வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தார். அவள் வரவில்லை. பெண்களில் மூத்தவளை மட்டும் பெஹாலாவில் வாத்தியாருக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தறி நெய்யக் கற்றுக்கொள்ள அனுப்பச் சம்மதித்தாள்.

தீதி சங்கல்பத்தைக் கைவிடவில்லை. சாகிறவரை சீமைத்துணி அவர் உடம்பில் பட்டதில்லை. ஆனால் தெருவில் கூடை சுமந்து வருகிறவர்களை யாராவது வழிமறித்தால், பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாலும் சமையலில் இருந்தாலும் வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். "முதலில் இவருக்கு வேறு வழி காட்டு, பிறகு கேள்" என்பார். சந்தில் அதற்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு. சர்க்காருக்குப் பயந்துவிட்டார் என்றார்கள். கொழுந்தன் அவர்களோடு சண்டை போட்டான்.

சில வருஷங்கள் கழித்துப் பிரிவினையை ரத்து செய்தார்கள். அன்று கிடர்பூர் முழுக்க விளக்கு ஏற்றினார்கள். தீதி கிழக்கே தன் அம்மாவுக்குப் புடவை எடுத்து அனுப்பினார். அதே மூச்சில் தலைநகரை டில்லிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்ததும், இவர் ஆபீசில் இருந்தவர்கள் முகம் வாடிப்போனார்களாம். எங்களுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஊரில் இருந்து அம்மா அப்போதுதான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

அந்த வாரம் நானும் தீதியும் படகுத்துறைக்குப் போய், ஆலை விட்டு இக்கரைக்கு வருகிற பெண்களுக்காகக் காத்திருந்தோம். வளையல்காரியின் இளைய பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவள் கடைசிப் படகில் வந்து இறங்கினாள். முகத்தில் அலுப்பு. பிரிவினை ரத்தான சேதியைத் தீதி சொன்னார். அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். "நல்லது அம்மா, உங்கள் அம்மா வீட்டுக்கு இனி ஒரே ஊராகப் போகலாம்" என்று மனதாரச் சொன்னாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள். சோறு இந்து சமையல்காரரை வைத்துத் தனியாகப் போடுகிறேன், பயப்படாமல் சாப்பிடுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தீதி, "தனியாக எதற்கு?" என்றார்.

வளையல்காரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மூவரும் கரையேறி, சந்தை வரைக்கும் சேர்ந்து நடந்தோம்.